பாலாற்று வெள்ளத்தை வைத்துப் பேரிடர்க் கொள்கை ஆய்வு செய்வது எப்படி

பேரிடர் ஆய்வு என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் போய் நின்றுவிடுகிறார்கள். ஒன்று மழைக் கணக்கு, இன்னொன்று பாதிக்கப்பட்டவர்களின் கஷ்டம். இரண்டும் தேவையான வேலைகள்தான். பொதுக் கொள்கை ஆய்வு இவற்றுக்கு நடுவில் இருக்கிறது. எந்த நாற்காலியில் இருந்தவர், எத்தனை மணிக்கு, எதைத் தெரிந்துகொண்டு, என்ன முடிவெடுத்தார், எதை எடுக்காமல் விட்டார் என்பதுதான் அதன் சரக்கு.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துக் கல்லூரிகளில் முதுகலை, பிஎச்.டி. செய்கிறவர்களை மனதில் வைத்து எழுதிய வழிகாட்டி இது. உதாரணத்துக்கு 2021 நவம்பர் பாலாற்று வெள்ளத்தையே எடுத்துக்கொள்கிறோம். ஒரே சம்பவத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போனால்தான் முறை புரியும்.

கேள்வி

"வேலூர் மாவட்டத்தில் பேரிடர் மேலாண்மை: ஓர் ஆய்வு" என்பது தலைப்பு, கேள்வி அல்ல. கேள்வி என்றால் அதற்குப் பதில் இப்படியும் வரலாம், அப்படியும் வரலாம். பதில் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் ஆய்வு தேவையில்லை, மனு எழுதினால் போதும்.

நம் பகுதியில் நல்ல கேள்வி ஒன்று கையருகிலேயே இருக்கிறது. பழைய வேலூர் மாவட்டம் 2019 நவம்பர் 28 அன்று மூன்றானது. வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூருக்குப் போயின. ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டைக்குப் போயின. பாலாறு என்னவோ அதே ஆறுதான். ஆந்திர எல்லையைத் தாண்டி வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம், வேலூர், ஆற்காடு வழியாக வாலாஜா அருகே இருக்கும் பாலாறு அணைக்கட்டுக்கு வருகிறது. ஒரு கலெக்டரின் கையில் இருந்த நீளம் இப்போது மூன்று கலெக்டர்களின் கையில். பிரிந்து இரண்டு வருடம் முடிவதற்குள் பெரிய வெள்ளம் வந்துவிட்டது. ஆக, கேள்வியை இப்படி வைக்கலாம்: "மேலே ஆற்றில் வரும் நீரைப் பற்றிய தகவல், மாவட்டப் பிரிவினைக்குப் பிறகு, கீழே இருக்கும் தாலுகாக்களுக்கு எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்ந்தது?" பிரிவினையால் தாமதம் ஆகியிருக்கலாம். ஒவ்வொரு கலெக்டருக்கும் பரப்பு குறைந்ததால் வேகமாகவும் ஆகியிருக்கலாம். இரண்டுக்கும் இடம் இருப்பதால்தான் இது ஆய்வுக்குத் தாங்கும்.

ஒப்பிட ஒரு பழைய சம்பவம் வேண்டும். 2015 நவம்பர் மழையை எடுக்கலாம், அப்போது மாவட்டம் ஒன்றாக இருந்தது. ஆனால் இங்கே வழுக்கும் இடம் ஒன்று உண்டு. இரண்டு வெள்ளங்களும் ஒரே அளவு அல்ல. இடைப்பட்ட ஆறு வருடத்தில் வாட்ஸ்அப் எல்லார் கைக்கும் வந்துவிட்டது. பொதுப்பணித் துறையிலிருந்து நீர்வளத் துறை 2021-ல் தனியாகப் பிரிந்தது. ஆகவே 2021-ல் தெரியும் வித்தியாசம் எல்லாவற்றையும் மாவட்டப் பிரிவினையின் தலையில் கட்டிவிட முடியாது. மற்ற மாற்றங்களை ஆரம்பத்திலேயே பட்டியல் போட்டு, எதை எந்த ஆவணத்தால் விலக்கப் போகிறீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வைவாவில் முதலில் விழும் கேள்வி இதுதான்.

ஆற்றைத் தெரியாமல் அலுவலகத்தை ஆராயவும் கூடாது. அணைக்கட்டுக்கு வரும் தண்ணீர் முழுக்க வாணியம்பாடி வழியாக வந்தது அல்ல. மோர்தானா அணை நிரம்பினால் கௌண்டன்யா ஆறு குடியாத்தம் வழியாகப் பாலாற்றுக்கு வருகிறது. சித்தூர்ப் பக்கம் கலவகுண்டா அணையில் திறந்துவிடும் நீர் பொன்னை ஆற்றில் வந்து, திருவலத்தைத் தாண்டிச் சேருகிறது. அப்படியானால் உங்கள் தகவல் வழியில் ஆந்திர அதிகாரிகளும் இருக்கிறார்கள். இதைக் கவனிக்காமல் மூன்று கலெக்டர் அலுவலகத்தை மட்டும் சுற்றி வந்தால் பாதி ஆறு உங்கள் ஆய்வில் இருக்காது.

மூன்று நேரங்கள் உள்ள காலவரிசை

இந்த ஆய்வின் முதுகெலும்பு ஓர் எக்செல் தாள். ஒரு வரிக்கு ஒரு தகவல் அல்லது ஒரு முடிவு. யார், யாருக்கு, என்ன, ஆதாரம் எது, இரண்டாவது ஆதாரம் உண்டா என்ற கட்டங்கள் எல்லாரும் போடுவதுதான். நேரத்துக்கு மட்டும் மூன்று கட்டம் போடுங்கள்: நடந்த நேரம், எழுதிய நேரம், போய்ச் சேர்ந்த நேரம்.

காரணம் சாதாரணமானது. அணைக்கட்டில் இரவு நீர் ஏறுகிறது, அது நடந்த நேரம். பதிவேட்டில் ஏறுவது அடுத்த அளவீட்டின்போது. தாசில்தாருக்குத் தெரிவது போன் வந்தபோது. ஒரே கட்டத்தில் "நேரம்" என்று போட்டால் இந்த மூன்றும் கலந்துபோகும், நீங்கள் தேடுகிற தாமதம் அதில் கரைந்துவிடும். ஒரு கட்டத்துக்கு ஆதாரம் இல்லையென்றால் காலியாகவே விடுங்கள். ஊகித்து நிரப்பிய ஒரே வரி, மொத்தத் தாளையும் சந்தேகத்துக்குள்ளாக்கும்.

தாளை மேலிருந்து கீழே படிக்கும்போது, ஒவ்வொரு வரியிலும் "இந்த மணிக்கு இவருக்கு எது தெரியும்?" என்று மட்டும் கேளுங்கள். மறுநாள் ஆறு என்ன செய்தது என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இதை மறந்து எழுதும் கட்டுரை, நடந்து முடிந்த மேட்சுக்குத் திண்ணையில் உட்கார்ந்து யோசனை சொல்வது போல ஆகிவிடும்.

காகிதம் எடுப்பது

2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கலெக்டர் தலைமையில் ஓர் ஆணையம் உண்டு. 31-ஆம் பிரிவுப்படி மாவட்டத் திட்டம் இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். மாவட்ட இணையதளத்தில் கிடைக்கும் திட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திருப்திப்படாதீர்கள். பிரிவினைக்கு முந்தைய திட்டம், பிந்தைய திட்டம், வெள்ளத்துக்கு அடுத்த ஆண்டுத் திட்டம் என மூன்றையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் பாருங்கள். பழைய தாலுகாக்களின் பெயர் அப்படியே நிற்கிறதா, தொடர்பு எண்கள் மாறினவா, பக்கத்து மாவட்டத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியவர் யார் என்று புதிதாக ஒரு வரியாவது வந்திருக்கிறதா? பாடம் கற்றார்களா என்ற பெரிய கேள்விக்கு இந்தச் சின்ன வரிகள்தான் சாட்சி.

மீதியை ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மூலம் எடுக்க வேண்டும். ஆய்வு தொடங்கிய முதல் மாதத்திலேயே மனு போடுங்கள். பதிலுக்கு 30 நாள், வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்ய 30 நாள், அதன்பின் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போக 90 நாள் என்று இழுக்கும். உங்கள் சொந்தப் பெயரில் போடுங்கள், கல்லூரியின் பெயரில் வேண்டாம். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும்.

"வெள்ளத்தின்போது ஏன் எச்சரிக்கை தரவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. அந்தச் சட்டம் கையில் இருக்கும் ஆவணத்தைத் தரச் சொல்கிறது, விளக்கம் எழுதித் தரச் சொல்லவில்லை. இப்படிக் கேளுங்கள்: "18.11.2021 காலை 8 மணி முதல் 20.11.2021 மாலை 6 மணி வரை மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்த, அங்கிருந்து அனுப்பப்பட்ட தகவல்கள் பதிவான பதிவேட்டுப் பக்கங்களின் நகல்." நாள், மணி, பதிவேடு மூன்றும் இருந்தால் தட்டிக்கழிப்பது கஷ்டம். வேறு துறையிடம் இருந்தால் 6(3) பிரிவின்படி ஐந்து நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். தனிநபர் விவரம் என்று மறுத்தால், 10-ஆம் பிரிவைச் சொல்லி, பெயரை மறைத்துவிட்டு மீதியைக் கேளுங்கள்.

ஒரு கடிதம் கைக்கு வந்ததும் பொருளைப் படிப்பதற்கு முன்னால் "பார்வை" என்ற பகுதியைப் படியுங்கள். கலெக்டர் அலுவலகத்திலிருந்து தாசில்தார்களுக்குப் போன கடிதம் என்றால் மேலே ந.க.எண், நாள், பொருள், அதற்குக் கீழே பார்வை 1, 2, 3 என்று இருக்கும். அந்தக் கடிதத்துக்குக் காரணமான முந்தைய கடிதங்கள் எண்ணோடும் தேதியோடும் அங்கே இருக்கின்றன. அடுத்த ஆர்.டி.ஐ.யில் அந்த எண்களையே குறிப்பிட்டுக் கேட்டால், "அப்படி ஒரு ஆவணம் இல்லை" என்று சொல்ல முடியாது. அரசாணையில் இதே வேலையை "படிக்கப்பட்டவை" என்ற பகுதி செய்கிறது. அப்படியே பின்னோக்கிப் போனால் நாலைந்து கடிதத்தில் ஃபைலின் ஆரம்பத்தைத் தொட்டுவிடலாம். பெற்றுக்கொண்ட அலுவலகத்தின் நகலையும் தனியாகக் கேளுங்கள். அதன் மூலையில் இருக்கும் வரவு முத்திரைதான் உங்கள் மூன்றாவது நேரக் கட்டத்தை நிரப்பும்.

வெள்ளம் வந்த இரவில் வேலை நடப்பது கடிதத்தில் அல்ல, போனிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும்தான். அது எந்த ஃபைலிலும் ஏறாது. பேட்டியின்போது அதிகாரி தானாகக் காட்டினால், செய்தியின் நேரத்தையும் அது ஃபார்வர்டு செய்யப்பட்டதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் ஸ்கிரீன்ஷாட் கேட்காதீர்கள். அந்த ஒரு படத்துக்காக அந்த அலுவலகத்தின் கதவு உங்களுக்கு மூடிவிடும்.

எண்கள் காலை வாரும் இடங்கள்

முதலில் மக்கள்தொகை. 2011 கணக்கெடுப்பில் வேலூர் மாவட்டம் 39,36,331. இன்றைய எல்லைப்படி பிரித்தால் வேலூர் 16,14,242, ராணிப்பேட்டை 12,10,277, திருப்பத்தூர் 11,11,812. கூட்டினால் சரியாக வரும். "வேலூரில் லட்சம் பேருக்கு இத்தனை வீடு சேதம்" என்று 2015-க்கும் 2021-க்கும் போடும்போது, வகுக்கும் மக்கள்தொகையாக எந்த எண் நிற்கிறது என்று பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு மாவட்டங்கள் இருக்கின்றன. சரியான வழி, மாவட்டத்தை விட்டுவிட்டுத் தாலுகா அல்லது பிர்கா (தாலுகாவின் உட்பிரிவு) அளவில் கணக்கெடுப்பது. அதிலும் புதிதாகப் பிரிந்த தாலுகாக்கள் உண்டு, கிராமப் பட்டியலை வைத்துச் சரிபார்க்க வேண்டும். 1989-க்கு முந்தைய தரவு என்றால் திருவண்ணாமலையும் உள்ளே இருக்கும். 1911-க்கு முன்னால் போனால் சித்தூரும் சேர்ந்துகொள்ளும்.

மழை. வானிலைத் துறையின் ஒரு நாள் மழை என்பது காலை 8.30-க்கு எடுக்கும், அதற்கு முந்தைய 24 மணி நேரத்து அளவு. 19 நவம்பர் என்று பதிவான மழையின் பெரும்பகுதி 18-ஆம் தேதி பகலிலும் இரவிலும் பெய்தது. அந்த மழையைக் கொண்டுவந்த தாழ்வு மண்டலம் கரையைக் கடந்ததே 19 விடியற்காலை, புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவில். இதைக் கவனிக்காதவர்கள் மழைக்கு முன்பே ஆறு பெருகியதாக வரைபடம் போட்டுவிடுகிறார்கள். "கனமழை" என்ற சொல்லுக்கும் வரையறை உண்டு: 64.5 முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, 204.4 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. பத்திரிகைகள் செ.மீ.யில் எழுதும், பதிவேடு மி.மீ.யில் இருக்கும்.

நீர். அணைக்கட்டில் ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது என்று அப்போது செய்திகளில் வந்தது. அது வினாடிக்கு ஓடும் அளவு, சுமார் 2,832 கன மீட்டர். அது உச்ச அளவு. அதே வேகத்தில் 24 மணி நேரம் ஓடியிருந்தால் 8.64 டி.எம்.சி. ஆகியிருக்கும். அப்படி ஓடியதாக எடுத்துக்கொண்டு மொத்த நீரைக் கணக்கிடக் கூடாது. எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்தார்கள் என்று பதிவேட்டில் பாருங்கள். இரவில் இடைவெளி இருந்தால் உண்மையான உச்சம் எழுதப்படாமலே போயிருக்கலாம்.

வருவாய்த் துறைக் கணக்குகள் பசலி ஆண்டில் ஓடும், ஜூலை முதல் ஜூன் வரை. 2021 நவம்பர் வெள்ளம் பசலி 1431-ல் வரும். அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) நகல் கேட்கும்போது "2021-ஆம் ஆண்டு" என்று எழுதினால் பசலி 1430-ஐ எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். வெள்ளம் வந்த சுவடே அதில் இருக்காது.

சேதப் பட்டியலை அளவீடு என்று நம்பாதீர்கள். அது ஒரு முடிவு. பேரிடர் நிவாரண நிதி விதிப்படி 33 சதவீதமும் அதற்கு மேலும் பயிர் போனால்தான் இடுபொருள் மானியம். 30 சதவீதம் போன விவசாயி பட்டியலில் இல்லை, ஆனால் அவர் நிலத்திலும் தண்ணீர் நின்றது. வீடு முழுச் சேதமா, பகுதிச் சேதமா என்று கோடு போடுவதும் அப்படித்தான். அந்தக் கோட்டை வி.ஏ.ஓ. எப்படிப் போடுகிறார் என்பதே தனி ஆய்வுக்குரிய விஷயம்.

செயற்கைக்கோள் படம் போட்டால் கட்டுரை அழகாக இருக்கும். மேகம் இருக்கும்போது ஆப்டிகல் படம் உதவாது, ரேடார் படம் வேண்டும். பாலாற்றில் உச்ச வெள்ளம் சீக்கிரம் வடிந்துவிடுவதால் படம் எடுத்த தேதியை முதலில் பாருங்கள். தேதி தள்ளிப் போயிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஆட்களிடம் பேசுவது

பணியில் இருக்கும் அதிகாரியிடம் போக, துறைத் தலைவரின் கடிதமும் ஒரு பக்க ஆய்வுச் சுருக்கமும் வேண்டும். அன்று அந்த நாற்காலியில் இருந்தவர் இன்று வேறு மாவட்டத்தில் இருப்பார், அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் மனம் திறந்து பேசுவார்கள், ஆனால் நினைவில் தேதி குழம்பும். இரண்டு வகையும் தேவை. ஏரியில் மதகு பார்க்கும் நீர்க்கட்டி, ஊராட்சிச் செயலர், தூய்மைப் பணியாளர், தீயணைப்பு வீரர் ஆகியோரை விட்டுவிடாதீர்கள். உத்தரவு கடைசியாகப் போய் நின்றது இவர்களிடம்தான்.

"உங்களுக்கு எச்சரிக்கை வந்ததா?" என்று வீட்டுக்காரர்களிடம் கேட்காதீர்கள். ஆமாம், இல்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நிவாரணம் கிடைத்ததா இல்லையா என்பதைப் பொறுத்துப் பதிலும் சாயும். "அன்னிக்கு ராத்திரி சாப்ட்டு முடிச்சதுக்கு அப்புறம் என்னென்ன நடந்துச்சு, ஒண்ணொண்ணா சொல்லுங்கம்மா" என்று ஆரம்பியுங்கள். மைக் சத்தம் எப்போது கேட்டது, கரண்ட் எப்போது போனது, யார் வந்து கதவைத் தட்டினார் என்று தானாக வரும்.

தேதிக்கு ஒரு பிடி வேண்டும். 2021 நவம்பர் 19 கார்த்திகை தீபம், வெள்ளிக்கிழமை. "தீபத்துக்கு முன்னாடி ராத்திரியா, தீபம் அன்னிக்கா?" என்றால் குடியாத்தத்தில் சட்டென்று சொல்லிவிடுவார்கள். பேரணாம்பட்டில் உருது பேசும் குடும்பங்களில் "ஜும்மா தொழுகைக்கு முன்னாடியா பாய்?" என்று கேட்பது பலன் தரும். அந்த வெள்ளிக்கிழமைதான் பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள். அந்தத் தெருவுக்குப் போகும்போது கேள்விப் பட்டியலைப் பையிலேயே வையுங்கள். இறப்பு நடந்த வீட்டைத் தேடிப் போவதற்கு உங்கள் கேள்வியில் உண்மையிலேயே தேவை இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள், பெரும்பாலும் இருக்காது. ஒப்புதல் படிவம் தமிழில் மட்டும் போதாது. அந்தப் பக்கம் உருதுவும் எல்லையோர ஊர்களில் தெலுங்கும் வேண்டும். கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதலை இதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.

சுவரில் தண்ணீர் நின்ற கறையைக் காட்டினால் டேப் வைத்துத் தெரு மட்டத்திலிருந்து அளவெடுங்கள். அடுத்த வீட்டிலும் எடுங்கள். இரண்டும் ஒரு சாண் வித்தியாசப்பட்டால், ஒன்று வேறு வருடத்துக் கறையாக இருக்கலாம்.

ஊர் தேர்வில் ஒரு எச்சரிக்கை. சேதமான ஊர்களை மட்டும் எடுத்தால் எதுவும் நிரூபணமாகாது. ஆற்றிலிருந்து அதே தூரம், அதே உயரம், ஆனால் ஆட்கள் நேரத்தோடு வெளியேறிய ஊர் ஒன்றையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். என்ன வேலை செய்தது என்பது அங்கேதான் தெரியும்.

கோட்பாடும் முடிவும்

கோட்பாடு ஒன்று போதும். வெள்ளத்துக்குப் பிறகு கொள்கை மாறியதா என்பது கேள்வியானால், அமெரிக்க அரசியல் அறிஞர் ஜான் கிங்டன் 1984-ல் சொன்ன கருத்து உதவும்: பிரச்சினை, தீர்வு, அரசியல் என்ற மூன்று ஓடைகள் ஒன்று சேரும்போதுதான் கொள்கை மாறுகிறது. கையில் ஏற்கெனவே இருந்த தீர்வைத்தான் பெரும்பாலும் வெள்ளத்துக்குப் பிறகு எடுத்து நீட்டுகிறார்கள் என்பதை அது நன்றாகக் காட்டும். அந்த இரவின் முடிவுகள் கேள்வியானால் கிங்டன் பயன்பட மாட்டார். நெருக்கடியில் அதிகாரிகள் நிலைமையை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்ற நெருக்கடி மேலாண்மை ஆய்வுகள் பக்கம் போக வேண்டும்.

"துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பு இல்லை", "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்ற இரண்டு வாக்கியங்களையும் வரைவில் தேடி அடித்துவிடுங்கள். களத்துக்குப் போகாமலே எழுதக்கூடியவை அவை. எந்த அலுவலகத்துக்கும் எந்த அலுவலகத்துக்கும் நடுவில், எத்தனை மணி நேரம், எந்தக் காரணத்தால் என்று உங்கள் தாள் சொல்லும். அதை எழுதுங்கள்.

எல்லா ஆபத்துக்கும் இந்த மணிக்கணக்கு முறை பொருந்தாது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்டதற்குத் தேதி கிடையாது. அங்கே நீதிமன்றத் தேதிகள்தான் காலவரிசை: 1991-ல் பொதுநல வழக்கு, 1996 ஆகஸ்ட் 28-ல் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2025 ஜனவரி 30-ல் அதே படுகை பற்றி இன்னொரு தீர்ப்பு. வரி ஒவ்வொன்றும் மணிக்கு அல்ல, ஆண்டுக்கு. ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அன்று கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தது போன்ற சம்பவம் வந்தால் மட்டும் அந்த நாளுக்குத் தனித் தாள் போட்டு, அதற்கு முந்தைய ஆய்வறிக்கைகளையும் நோட்டீஸ்களையும் பின்னோக்கி அடுக்க வேண்டும். வெயில் இன்னொரு வகை. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதன்பின் எந்த மரணம் வெப்பத்தால் நேர்ந்தது என்று யார் சான்று தருகிறார்கள் என்பது வேலூரில் இருந்துகொண்டே செய்யக்கூடிய ஆய்வு.

கட்டுரையை அனுப்பும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தரமான ஆய்விதழ்கள் என்று யு.ஜி.சி. வைத்திருந்த யு.ஜி.சி.-கேர் பட்டியல் 2025 பிப்ரவரியோடு நின்றுவிட்டது, "பட்டியலில் இருக்கிறோம்" என்று காசு கேட்கும் இதழ்கள் நிற்கவில்லை. ஆசிரியர் குழுவில் யார் இருக்கிறார்கள், சமீபத்தில் வந்த நாலு கட்டுரைகள் எப்படி இருக்கின்றன என்று படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். காலவரிசைத் தாளைப் பெயர், போன் எண் நீக்கி இணைப்பாகக் கொடுங்கள். பதவிப் பெயர் இருந்தாலே ஒரு தாலுகாவில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால், பேட்டியில் வந்த வரிகளில் "தாலுகா நிலை அலுவலர்" என்று பொதுவாகப் போடுங்கள். தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்றை மூன்று மாவட்டக் கட்டுப்பாட்டு அறைகளுக்கும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், செப்டம்பரில் கொடுங்கள். அக்டோபரில் கொடுத்தால் யாருக்கும் படிக்க நேரம் இருக்காது.